பித்தளைக் காது

உறையின் ஜிப்பைப் பாதி இழுப்பதற்குள் டேனியல் கேட்டுவிடுகிறார். "ஆம்புக்கு ரெண்டு பின்னா, மூணு பின்னா?" கிடாருக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் பிறகுதான். தெரியாது என்று சொன்னால், "போயி பாத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரெண்டு பின்தான் என்றால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது மூன்று பின் பிளக்கை எடுத்து மேசைமேல் வைப்பார். "இத மாட்டிட்டு வாங்க, வேலைய எடுக்கேன்." சிலர் சிரிப்பார்கள், சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர் பாதி திறந்த ஜிப்பைத் தாமே இழுத்து மூடிக் கொடுத்துவிடுவார்.

பூனாவில், கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டயர்க் கடை. அதன் பின்னால் பத்தடிக்கு எட்டடி தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. ஒரு வைஸ், ஒரு சின்ன டிரில்லிங் மெஷின், சால்டரிங் அயர்ன் இரண்டு, கை கழுவ மூலையில் ஒரு குழாய். டேனியலுக்கு ஐம்பத்திரண்டு வயது. போசரியில் பிரஸ் டூல் செய்கிற ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர், எப்போதும் இரண்டாம் ஷிஃப்ட். காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை இந்தத் தகரத்துக்குக் கீழே இருப்பார். மூக்குக் கண்ணாடியின் வலது பக்கத்தில், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்துக்கொள்கிற உருப்பெருக்கி ஒன்றைச் செம்புக் கம்பியால் கட்டியிருப்பார். வேலை இல்லாதபோது அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். அப்போது அவருக்கு மூன்று கண் இருப்பதுபோலத் தெரியும்.

அவர் செய்வது ஒரே ஒரு வேலை. எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்குக் கீழே ஒரு சின்னச் செவ்வகப் பெட்டி பதிந்திருக்கும். பிக்கப் என்பார்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி, ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புவது அதுதான். அதன் அடித்தகட்டில் இரண்டு பக்கமும் நாக்குப்போல இரண்டு தகடுகள் நீண்டிருக்கும். டேனியலுக்கு அவை காதுகள். ஒவ்வொரு காதிலும் மரை வெட்டிய ஒரு துளை. மேலேயிருந்து ஒரு நீள ஸ்க்ரூ, ஸ்ப்ரிங்குக்குள் நுழைந்து வந்து அந்த மரையைப் பிடிக்கும். பிக்கப் அந்த இரண்டு ஸ்க்ரூக்களில் தொங்குகிறது. ஏற்றி இறக்குவதும் அவற்றால்தான். பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் மரை தேய்ந்துபோகும். கிடார் கீழே விழுந்தால் காது ஒடியும். ஒரு காது போனால் பிக்கப் ஒரு பக்கமாகச் சாய்ந்து பள்ளத்துக்குள் விழுந்துவிடும்.

கடைக்காரர்கள் புதுப் பிக்கப்தான் போட வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாகும் என்பார்கள். டேனியல் ஒரு பித்தளைத் துண்டை வைஸில் வைத்து அறுத்து, மடித்து, துளையிட்டு, மரை வெட்டிப் புதுக் காது செய்துவிடுவார். அதைப் பற்றவைப்பதுதான் கஷ்டம். பெட்டிக்குள் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். சூடு ஒரு நொடி கூடினால் உள்ளேயிருக்கும் மெழுகு உருகும், கம்பி அறுந்துபோகும். ஈரத் துணியைப் பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அயர்னை வைத்ததும் எண்ணுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்றுக்குமேல் எண்ணி நான் கேட்டதில்லை.

அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. "பாட்டே வராது சார். சர்ச்சுல கூட வாய மட்டுந்தான் அசைப்பேன். பக்கத்துல நிக்கவன் பாடுதது நான் பாடுததுன்னு நெனச்சுக்கிடுவாங்க." சொந்த ஊர் நாசரேத் பக்கம். இருபத்திரண்டு வயதில் பூனா வந்தவர். இந்தி பேசும்போதும் நெல்லை இழுவை போகாது. "ஸ்ப்ரிங் கராப் ஹோ கயா, நயா டாலா, டரோ மத்" (ஸ்ப்ரிங் கெட்டுப்போச்சு, புதுசு போட்டாச்சு, பயப்படாதே) என்று அவர் சொல்வதைக் கல்லூரிப் பையன்கள் அவரைப்போலவே சொல்லிக்காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அவருக்கு அது தெரியும்.

பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் டெஸ்டர் அங்கிள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். விநாயகர் சதுர்த்தி நாட்களில் கம்பெனிக்கு லீவு போட்டுவிடுவார். சாயங்காலமானால் பிம்ப்ரி, காட்கி, சாங்வி என்று ஆர்கெஸ்ட்ரா நடக்கும் பந்தல்களுக்கு சைக்கிளில் போவார். யாரும் அழைப்பதில்லை. பாட்டு தொடங்குமுன் மேடையில் ஏறி மைக் ஸ்டாண்டையும் ஆம்ப் பெட்டிகளையும் டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு முறை தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒருமுறை விழுந்ததில் இடது மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். கட்டு அவிழ்க்கும் முன்பே அடுத்த பந்தலுக்குப் போனார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஜூனில்தான் நான் அவரிடம் முதலில் போனேன். என் மகள் சஹானாவின் கிடார் மாடிப்படியில் உருண்டு ஒரு காது ஒடிந்திருந்தது. நல்லவேளை, எங்கள் வீட்டு ஆம்புக்கு மூன்று பின். வேலை முடிந்து வாங்கப்போன அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பேசவும் முடியவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லா, குடையோடு டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர், அவரும் மாட்டிக்கொண்டார். மழை சற்றுக் குறைந்ததும், இந்தப் பிளக் விஷயம் என்ன என்று கேட்டேன். டேனியல் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாதான் ஆரம்பித்தார். "நாலு வருஷமா இதே கததான் சார். இவுக செய்யாத தப்புக்கு இவுகளே தண்டன குடுத்துக்கிட்டு இருக்காக."

வசந்தகுமார் என்று ஒரு பையன். காட்கியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பவன். இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், மனைவி தமிழரசி அப்போது மாசமாக இருந்தாள். தொண்ணூற்றொன்பதில், சதுர்த்திக்குச் சில நாள் முன்னால் கிடாரைக் கொண்டுவந்தான். கல்கத்தாவில் செய்த பழைய கிடார். பிக்கப் சாய்ந்துவிட்டது, ஆம்பில் போட்டால் ஓயாமல் இரைகிறது என்றான். "பாட்டவிட இந்த பிர்ர்ருதான்ணா ஜாஸ்தி கேக்குது. மேடையில மானம் போவுது."

டேனியல் திறந்து பார்த்தார். இடது காது ஒடிந்திருந்தது. அந்தக் கிடாரில், கம்பிகளிலிருந்து எர்த்துக்குப் போகிற ஒயரை அந்தக் காதிலேயே பற்றவைத்திருந்தார்கள். காது ஒடிந்தபோது ஒயரும் அதோடு போய்விட்டது. இரைச்சலுக்குக் காரணம் அதுதான். அவர் பித்தளையில் புதுக் காது செய்தார், மரை வெட்டினார், ஒயரைத் திரும்ப அதில் பற்றவைத்தார். அப்போது பட்டறையில் ஆம்ப் கிடையாது. வசந்தகுமார் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுவந்திருந்த தன் ஆம்பில் போட்டுப் பார்த்தான். இரைச்சல் அடியோடு நின்றிருந்தது. அவன் ஒரு பாட்டை முழுக்க வாசித்தான். டயர்க் கடைக்காரன்கூட வந்து நின்று கேட்டான்.

சதுர்த்தியின் பத்தாம் நாள் பந்தலில் மழை. மேடைக்குத் தார்ப்பாய் சரியாகப் போடவில்லை. தண்ணீர் ஆம்புக்குள் இறங்கி அதன் இரும்புப் பெட்டிக்கு மின்சாரம் வந்துவிட்டது. பிளக்கில் மூன்றாவது பின் இருந்திருந்தால் அது தரைக்குப் போயிருக்கும். இல்லை. பெட்டியிலிருந்து ஒயர் வழியாகக் கிடாருக்கும், டேனியல் பற்றவைத்த இடத்தின் வழியாகக் கம்பிகளுக்கும் வந்தது. வசந்தகுமார் இடது கையால் கம்பிகளைப் பிடித்தபடி, வலது கையால், எர்த்தோடு இணைந்திருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். கூட்டம் அவன் ஆடுகிறான் என்று நினைத்துக் கைதட்டியதாம்.

போலீஸில் டேனியலை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அரசாங்க எலெக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் கிடாரைப் பிரித்துப் பார்த்து, இணைப்புகள் முறையாக உள்ளன, கிடாரில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். டேனியலை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"ஒயர் அந்துபோயி கெடந்தவரைக்கும் அவம் உசிரோட இருந்தாம் சார்" என்றார் டேனியல். "இரைச்சலோட வாசிச்சிருப்பான். நாலு பேரு கேலி பண்ணியிருப்பாங்க. அம்புட்டுதான்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சொன்னார். "நீங்களே சொல்லுங்க சார். ஒடிஞ்ச கால டாக்டரு சரியாக்கிவிடுதாரு. அவன் நடந்துபோயி லாரியில அடிபட்டா டாக்டரா பொறுப்பு?"

"டாக்டருக்கு லாரி வாரது தெரியாது. நான் பாத்தேன்." டேனியல் டிபன் பாக்ஸை மூடினார். "அந்த ஆம்ப் பிளக்க நாந்தான் சுவத்துல சொருகுனேன். மூணாவது பின்ன வெட்டிருந்தான். பந்தல்ல எல்லாம் ரெண்டு ஓட்டை போர்டுதானே, அதுக்காக வெட்டுவானுக. கண்ணால பாத்தேன். சொல்லணும்னு தோணுச்சு. ஷிஃப்டுக்கு நேரமாச்சு. அவனும் சந்தோசத்துல இருந்தான். விட்டுட்டேன்."

"போலீஸ்ல இதச் சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல."

"அந்தப் பொண்ணுகிட்ட?"

அவர் உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். ஸ்டெல்லா சொன்னார். அடக்கத்தன்று தமிழரசி இவரைப் பார்த்து, "நீங்கதானண்ணா ரிப்பேர் பண்ணது?" என்று கேட்டாளாம். ஆமாம் என்றாராம். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அதன்பிறகு ஆறு மாதம் பட்டறை பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது முதலில் வாங்கியது ஒரு ஆம்பும் ஒரு டஜன் பிளக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவர் பெரும்பாலும் பேசமாட்டார். நானும் ஸ்டூலில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிட்டு வருவேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அப்படி உட்கார்ந்திருந்தபோது, போர்வையில் சுற்றிய ஒரு கிடாரை இடுப்பில் குழந்தையைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் ஆயா புடவை கட்டியிருந்தாள். டேனியல் எழுந்து நின்றார். உருப்பெருக்கியை நெற்றிக்கு ஏற்ற மறந்து, ஒரு கண் பெரிதாகத் தெரிய அப்படியே நின்றார். யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உக்காருங்கம்மா."

தமிழரசி உட்காரவில்லை. "போன மாசம் கோர்ட்ல இருந்து குடுத்துட்டாங்கண்ணா. வூட்ல வச்சா பாப்பா தொடுது. வித்துடலாம்னு கேம்ப் ஏரியாவுல ஒரு கடைக்கு எடுத்துனு போனேன். பிக்கப் உள்ள வுழுந்துட்டிருக்கு, ரெடி பண்ணிக் குடுத்தா வாங்கிக்கிறேன்றாங்க. யார் பண்ணுவாங்கன்னு கேட்டேன். உங்க பேரத்தான் சொன்னாங்க. வேற ஆளே இல்லியாம்."

அவர் கிடாரை வாங்கி மேசையில் வைத்துத் திறந்தார். நான்கு வருஷம் எங்கெங்கோ கிடந்ததில் ஸ்ப்ரிங்குகள் துருப்பிடித்திருந்தன, வலது காது ஒடிந்திருந்தது. இடது காது, அவர் செய்தது, கறுத்துப்போயிருந்தாலும் அசையாமல் நின்றது. அதில் எர்த் ஒயர் பற்றவைத்தபடியே இருந்தது. அவர் அதை விரலால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு பித்தளைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைஸில் வைத்தார்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஸ்டூலை அவளுக்கு விட்டுவிட்டு வாசல் பக்கம் நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் அரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பற்றவைக்கும்போது அவர் அன்று வாய்விட்டு எண்ணவில்லை. உதடு மட்டும் மூன்று முறை அசைந்தது. அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு விஷயம் உங்கட்ட சொல்லாம வச்சிருக்கேம்மா. அன்னைக்கு அவம் ஆம்பக் கொண்டாந்தாம்லா. அந்தப் பிளக்க நான் பாத்தேன். பின்ன வெட்டிருந்தது. மாத்துன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

தமிழரசி கிடாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"எங்கப்பா ஃபேக்டரில எலெக்ட்ரீஷியன். எனக்குக் கொஞ்சம் தெரியும். அன்னிக்குக் கெளம்பும்போது நான் சொன்னேன், மழையா கீது, அந்தப் பிளக்க மாத்தினு போன்னு. அதுக்கு அவரு, டேனியல் அண்ணன் பாத்தாரு, அவரே கையால சொருகினாரு, ஏதாச்சும் இருந்தா அவரு சொல்லாம வுடமாட்டாரு, ஒண்ணும் ஆவாதுன்னுட்டுப் போனாரு." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "வேற யார் சொன்னாலும் கேட்டுருக்கமாட்டாரு. உங்க வேலமேல அவருக்கு அவ்ளோ நம்பிக்க."

டேனியல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் குழாயைத் திறந்து முகம் கழுவினார். பிறகு திரும்பி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். புது ஸ்ப்ரிங்குகளைக் கோத்து, இரண்டு ஸ்க்ரூக்களையும் மாறிமாறிக் கால் திருகு, கால் திருகாக முறுக்கினார். பிக்கப் மெதுவாக மேலே வந்து மட்டமாக நின்றது. கம்பிகளைப் பூட்டினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"இத வாங்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்லண்ணா?" என்று கேட்டாள் தமிழரசி.

அவர் கிடாரைத் தோளில் மாட்டி, பட்டறை ஆம்பில் இணைத்தார். ஆம்பின் பிளக்கைச் சுவரில் சொருகினார். சுவிட்சைப் போடவில்லை. காலிலிருந்த ரப்பர் செருப்புகளைக் கழற்றிவிட்டு, மூலையில் குழாயடி ஈரத்தில் போய் வெறுங்காலோடு நின்றார். இடது கையால் ஆறு கம்பிகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். வலது கையால் குழாயின் இரும்பைப் பிடித்தார்.

"சுவிட்ச நீங்க போடுங்கம்மா."

நான் ஓரடி முன்னால் வந்தேன். "நீங்க இருங்க சார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

தமிழரசி சுவிட்ச் பலகைக்குப் போனாள். விரலை வைத்தாள். நெடுஞ்சாலையில் ஒரு லாரி வந்து, தகரத்தை அதிரவைத்து, கடந்து போயிற்று. அவள் விரல் இன்னும் அங்கேயே இருந்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது.

ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பிகளை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததால் ஒரு சின்ன முனகல்கூட வரவில்லை. அவருடைய தோள்கள் இரண்டும் உயர்ந்தபடியே இருந்தன.

"போதும்ணா."

அவர் கையை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்மா" என்றார்.

தமிழரசி சுவிட்சை அணைத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். கிடாரை அவர் தோளிலிருந்து கழற்றி வாங்கிப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போகிற வழியில் நின்று, ஈரத்துக்கு இந்தப் பக்கம் கிடந்த அவருடைய செருப்புகளை, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.